குடியை விட நினைப்பவர்கள் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குடியை விட நினைப்பவரைத் தயங்க வைப்பது பெரும்பாலும் ‘ஊருக்குத் தெரிஞ்சுடுமே’ என்ற கூச்சம்தான். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முழுப்பெயர், குலம் கோத்திரம் எதுவும் சொல்ல வேண்டாம். முதல் நாள் வாயே திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்பதை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள். 14446 போதை மீட்பு உதவி எண்; மனம் உடைந்து கிடந்தால் 14416-ல் தமிழிலேயே பேசலாம். இரண்டும் இலவசம். உள்ளூரில் தெரிந்த முகம் வருமோ என்று பயமா? மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வாருங்கள். கிளம்பும் முன் போன் செய்து நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ‘திறந்த கூட்டம்’ என்றால் மனைவி, அண்ணன், தம்பி யாரும் கூட வரலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு.

ஒன்று மிக முக்கியம்: தினமும் அதிகம் குடிப்பவர் வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், கூடவே கூட்டத்துக்கும் போங்கள். டாஸ்மாக் இல்லாத தெருவாகப் பார்த்து வீடு திரும்புங்கள்.