இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் ஆசிரியர்களுக்கு

6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, மதிய உணவு முடிந்து சிறிது நேரம் கழித்து, ஆசிரியரின் கண்முன்னே விழுங்கச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டல் வரக்கூடும், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் வகுப்பே அஞ்சிவிடும். மலம் கறுத்துப் போவது இயல்புதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பயந்து, மாத்திரையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை விழுங்கிய உடனே பிள்ளைகள் தேநீர் குடிக்க வேண்டாம். காய்ச்சலாக இருப்பவர்களுக்கு அன்று கொடுக்காதீர்கள்.

இரத்தசோகையின் அறிகுறியாக ஒரு பிள்ளையின் கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருந்தாலோ, காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கும்போதே தலைசுற்றினாலோ, பெற்றோரை அழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்யுமாறு தனியே சொல்லுங்கள்; மற்ற பிள்ளைகள் முன்னிலையில் அதைப் பேசவே கூடாது.