அம்மா அப்பாவுக்கு ஒரு பிறந்தநாள் பயணம்: தேதியைச் சொல்லிவிடுங்கள், ஊரை மட்டும் மறையுங்கள்

பெற்றோரைப் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் அழைத்துப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஊருக்குப் போகலாம் என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எதை மறைக்கப் போகிறீர்கள்?

விடியற்காலையில் எழுப்பி "கிளம்பும்மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்வது வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அறுபதைத் தொட்ட ஒரு அம்மாவின் தலையில் பால்காரர், ஊறவைத்த அரிசி, திங்கட்கிழமை கட்ட வேண்டிய சீட்டுப் பணம், பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டிய சாவி, மாடியில் காயும் வடகம் என்று ஒரு முழு வீடே ஓடிக்கொண்டிருக்கும், அதை அப்படியே போட்டுவிட்டு வந்தால் உடம்பு ரயிலிலும் மனசு வீட்டிலுமாக இரண்டு நாளும் போய்விடும். அதனால் என் கட்சி இதுதான்: நாட்களைச் சொல்லிவிடுங்கள். "வர்ற சனி, ஞாயிறு, திங்கள் எனக்குக் கொடும்மா, எங்கேன்னு மட்டும் கேட்காதே." ஊர் பெயர் மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். ஒரு வாரம் முழுக்க அவர்கள் யோசித்து யோசித்துக் கேட்கும் கேள்விகளிலேயே பாதி சந்தோஷம் இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வேலூரிலிருந்து கிளம்புவதாக வைத்து எழுதுகிறேன், குடியாத்தம், ஆற்காடு, ஆரணிக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

படி 1: எந்தப் பிறந்தநாள்?

நம் பெற்றோர் தலைமுறையில் நிறைய பேருக்குச் சான்றிதழில் இருக்கும் தேதி, பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த தேதி. ஆதாரிலும் அதேதான் இருக்கும். வீட்டில் கும்பிடுவது தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்த்து. இதில் அவர்கள் மனசுக்கு எது பிறந்தநாளோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், பெரியம்மாவையோ சித்தியையோ கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அந்த நாள் வாரத்தின் நடுவில் வந்தால் அன்றைக்குக் காலையில் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம், அவ்வளவு போதும். பயணத்தை அதற்கு அடுத்து வரும் சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். பிறந்தநாளுக்கு முன்னாலேயே கொண்டாடுவது சில வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது, எனவே பின்னால் தள்ளுவதே நல்லது.

தேதியை உறுதி செய்வதற்கு முன் டிவி பக்கத்தில் அடுக்கியிருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். நமக்கு மொய் வைத்தவர் வீட்டு முகூர்த்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தால் மைசூரு அரண்மனையே வந்து கூப்பிட்டாலும் அப்பா வரமாட்டார். அதே மாதிரி குடியாத்தம்காரர்களை வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கு ஊரைவிட்டு நகர்த்த முடியாது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் குடும்பங்களும் அப்படித்தான். திருவண்ணாமலை வழியாகப் போகிறவர்கள் பௌர்ணமியையும் தவிர்த்துவிடுங்கள், சாலை நகராது.

படி 2: ஊர்

சென்னை, பெங்களூரு இரண்டும் நமக்குப் பக்கம்தான். ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சென்னை என்றால் கல்யாணம், பெங்களூரு என்றால் வேலை பார்க்கும் பிள்ளையின் ஃபிளாட். போன ஊருக்கே மறுபடி போவதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் எப்போதாவது வாய்விட்டுச் சொன்ன ஊர் ஒன்று இருக்கும். "நாங்க படிக்கும்போது டூர் கூட்டிட்டுப் போனாங்க, எங்க வீட்ல அனுப்பல" என்கிற மாதிரி ஒரு வரி. அந்த ஊர்தான் சரியான ஊர். என் அம்மாவுக்கு அது மைசூரு. அதனால் அதையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன்.

முட்டி வலி அதிகம், ரயில் வேண்டாம் என்றால் புதுச்சேரி இருக்கிறது. ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகக் காரில் காலை டிபனுக்குப் பிறகு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், சமதளமான ரோட்டில் பயமில்லாமல் நடக்கலாம், கால் வலித்தால் அப்படியே கடலைப் பார்த்து உட்காரலாம், மணக்குள விநாயகர் கோயிலும் பக்கத்திலேயே.

படி 3: டிக்கெட்

மைசூருவுக்குப் பெரியவர்களோடு போக நல்லது, சென்னையிலிருந்து காலையில் வரும் சதாப்தி அல்லது வந்தே பாரத். இரண்டும் காட்பாடியில் நிற்கும், மதியவாக்கில் மைசூரு போய்விடும். காவேரி எக்ஸ்பிரஸும் உண்டு, ஆனால் அது காட்பாடிக்கு வருவது இரவு நேரத்தில், தூங்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் அம்மாவை உட்காரவைக்க எனக்கு மனசு வராது. பகல் ரயில்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு இருக்கும், நீங்கள் போகும் நாளில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது), காலை 8 மணிக்கு. சனி ஞாயிறு டிக்கெட் என்றால் திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுவது நிம்மதி. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இரவு ரயில்தான் கிடைத்தது என்றால், 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள்.

ரகசியம் கசியும் முதல் இடமும் இதுதான். பதிவில் உங்கள் செல் நம்பரை மட்டும் கொடுங்கள். அம்மா நம்பர் போட்டால் ஊர் பெயரோடு எஸ்எம்எஸ் நேராக அவர்களுக்கே போய்விடும். அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டினாலும் அதே கதைதான்.

படி 4: தங்கும் அறை

இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக அறை தேடும் குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்கள் ரிசப்ஷனில் என்ன கேட்கிறார்களோ அதையே கேளுங்கள்: வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, லிஃப்ட் கரண்ட் போனாலும் ஓடுமா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், பாத்ரூம் தரை வழுக்குமா, வாசலில் எத்தனை படி. நீச்சல் குளமும் மொட்டைமாடி ரெஸ்டாரண்டும் பிறகு. படத்தைப் பார்த்து மட்டும் பதிவு செய்யாமல் ஃபோன் போட்டுப் பேசுங்கள். மைசூருவில் பெரும்பாலும் தமிழ் புரியும்.

அரண்மனைக்கும் தேவராஜா மார்க்கெட்டுக்கும் ஆட்டோவில் சட்டென்று போகிற தூரத்தில் அறை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருமுறை அறைக்கு வந்து காலை நீட்டிப் படுக்க முடிந்தால் அவர்களால் இரவு வரை தெம்பாக இருக்க முடியும்.

பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். அறை வாடகை காதில் விழுந்தால் "இந்தக் காசுக்கு ரெண்டு மாச மளிகை வாங்கியிருக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அந்த அறையில் தூக்கம் வராது.

படி 5: யாருக்குச் சொல்வது

ஒரே ஒருவருக்கு. அம்மாவுக்கான பயணம் என்றால் அப்பாவுக்கு, இல்லையென்றால் அம்மாவுக்கு நெருக்கமான சித்திக்கோ அத்தைக்கோ. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்குக் கிளம்பும் அன்றைக்குச் சொன்னால் போதும்.

அந்த ஒருவர்தான் பெட்டி கட்டும்போது பக்கத்தில் இருந்து உதவ வேண்டும். வேலூர் வெயிலிலேயே இருந்தவர்களுக்கு ஸ்வெட்டர் எடுக்கத் தோன்றாது. மைசூரு நம்மைவிட நல்ல உயரத்தில் இருக்கிற ஊர், மாலையில் காற்று குளிரும், ஒரு சால்வையும் காதை மறைக்க ஒரு துண்டும் அவசியம். மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுங்கள், டாக்டர் சீட்டை உங்கள் ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், ஆதாரின் அசல் கையில் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறவே கூடாது, ரயிலில் எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பாவில் இருக்க வேண்டும்.

படி 6: கிளம்பும் காலை

வேலூரிலிருந்து காட்பாடி பக்கம்தான், ஆனால் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் போக்குவரத்தை எப்போதும் நம்ப முடியாது. நேரத்தோடு கிளம்புங்கள். காட்பாடியில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான், ஆகவே பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முதலிலேயே விசாரித்து அங்கே உட்காரவையுங்கள், கடைசி நேரத்தில் பெரியவர்களை ஓடவிடக் கூடாது.

ஊர் பெயரை எப்போது சொல்வது? நீங்கள் சொல்லவே வேண்டாம். ஸ்டேஷன் அறிவிப்பில் மைசூரு என்ற பெயர் எப்படியும் வரத்தான் போகிறது, அதையே சொல்லவிடுங்கள். நீங்கள் அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி எதிரே நின்றால் போதும். ஃபோனில் படம் எடுக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 7: அங்கே என்ன செய்வது

முழுத் திட்டத்தையும் ஞாயிறு மாலை 7 மணியைச் சுற்றிக் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் அந்த நேரத்தில்தான் அரண்மனைக்கு விளக்கு போடுவார்கள், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும். சனிக்கிழமை இரவு போய் நின்றால் அவ்வளவு நேரம் பார்க்கக் கிடைக்காது. அதனால்தான் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கேட்டேன்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு, தூக்கம். மாலையில் தேவராஜா மார்க்கெட், பூக்கடை வரிசையில் மைசூர் மல்லிகை வாங்கி அங்கேயே தலையில் வைத்துவிடுங்கள். மைசூர்பாகு பிறந்த ஊர் இது, சர்க்கரை இருந்தாலும் பிறந்தநாளுக்கு ஒரு சின்னத் துண்டை மறுக்க வேண்டாம்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் சாமுண்டி மலை. ஆயிரம் படிகள் இருக்கின்றன, அவை நமக்கு, அவர்களைக் காரில் மேலே கூட்டிப் போங்கள், கோயில் வாசல் பக்கம் வரை ரோடு இருக்கிறது. வரும் வழியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியையும் காரிலேயே போய்ப் பார்த்துவிடலாம். கன்னடத்து ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த மலைப்பக்கம் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

மதியம் கட்டாய ஓய்வு. மாலை 7 மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அரண்மனைக்குப் போய் உட்கார இடம் பிடித்துவிடுங்கள், ஒரு மடிப்பு நாற்காலியோ விரிப்போ கொண்டு போனால் நல்லது. உள்ளே சுற்றிப் பார்ப்பதை அதே மாலையில் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நகர்வதே பெரியவர்களுக்குப் பாடு. திங்கள் காலை 10 மணிக்குத் திறந்ததும் போனால் நிதானமாகப் பார்க்கலாம். பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்துபோக, இப்போது இருப்பதை ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடித்தார்கள். கல்யாண மண்டபத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அவர்களை அவசரப்படுத்தாமல் நிற்கவிடுங்கள்.

சேலை எடுக்கும் எண்ணம் இருந்தால் கேஎஸ்ஐசி கடையில் எடுங்கள், அது கர்நாடக அரசின் பட்டு நிறுவனம், அதன் நெசவு ஆலையும் 1912-இல் தொடங்கியதுதான். ஆரணிப் பட்டைக் கையில் தூக்கியே எடை சொல்கிற நம் அம்மாக்களுக்கு மைசூர் பட்டு முதலில் லேசாகத் தெரியும், உடலில் சுற்றிப் பார்த்த பிறகு கருத்து மாறிவிடும். நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்கும் பேத்திக்கும் அவர்கள் கையாலேயே வாங்க வேண்டும்.

சாம்பார் கொஞ்சம் இனிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு ஊறுகாய்ப் பொட்டலம் பையில் இருந்தால் அப்பாக்கள் சமாளித்துக்கொள்வார்கள்.

படி 8: திரும்பும் நாள்

திங்கள் மதியத்துக்கு மேல் மைசூருவில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் காட்பாடி வந்துவிடலாம். அன்றைக்கு வீட்டில் அடுப்பு பற்றவைக்கும்படி விடாதீர்கள், டிபன் வழியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டக்காவிடம் மறுநாள் காலைக்கு ஒரு பாக்கெட் பாலும் இட்லி மாவும் வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் ஒரு பெட்டி மைசூர்பாகு தனியாக எடுத்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அதை அம்மாவே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், எங்கே போனோம் என்று முதலில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.