ஆன்லைனில் இன்சூரன்ஸ் வாங்கப் போகிறீர்களா? போன் நம்பரைக் கொடுக்கும் முன் படியுங்கள்

விலை சும்மா பார்க்கலாமே என்று ஏதோ ஒரு தளத்தில் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்திருப்பீர்கள். பட்டனை அழுத்திய கையோடு அழைப்புகள் வர ஆரம்பித்திருக்கும், அதுவும் நீங்கள் கேள்விப்பட்டே இராத கம்பெனிகளிலிருந்து. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் விற்பது போலத் தெரியும் தளங்களில் சில உண்மையில் இன்சூரன்ஸே விற்பதில்லை, வாங்க நினைப்பவர்களின் விவரங்களைச் சேர்த்துக் கம்பெனிகளுக்கும் முகவர்களுக்கும் விற்பதுதான் அவற்றின் தொழில். ஒரே நம்பர் பல பேர் கைக்குப் போவதும் உண்டு.

அதனால் விலை விசாரிக்கும்போது முடிந்த அளவு குறைவாகச் சொல்லுங்கள், வாங்கும்போது கேட்டதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

படி 1: தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

எதற்குக் காப்பீடு, எவ்வளவு தொகைக்கு, யார் யாருக்கு, பிரீமியம் எவ்வளவு கட்ட முடியும். நாலு வரி போதும். இது கையில் இல்லாமல் உள்ளே போனால் தளம் எதை முன்னால் காட்டுகிறதோ அதைத்தான் வாங்குவீர்கள்.

படி 2: தனி ஈமெயில்

விலை விசாரிக்க மட்டும் ஒரு புது ஈமெயில் முகவரி உருவாக்குங்கள். ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது: உங்கள் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு பிளஸ் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வந்து சேரும். தளத்துக்கு ஒரு சொல் என்று மாற்றிக் கொடுத்தால், பிற்பாடு வேண்டாத விளம்பரம் வரும்போது எந்தத் தளம் முகவரியைக் கைமாற்றியது என்று தெரிந்துவிடும். சில படிவங்கள் பிளஸ் குறியை ஏற்காது. அங்கே புது முகவரிதான்.

படி 3: தளம் யாருடையது?

தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம், அதை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். தளத்தில் ‘எங்களைப் பற்றி’ பகுதியையும் பக்கத்தின் அடிப்பகுதியையும் பாருங்கள். காப்பீட்டு நிறுவனமா, உரிமம் பெற்ற தரகரா, ஒப்பீட்டுத் தளமா, விவரம் சேகரிப்பவரா என்பது அங்கே தெரியும், தெரியவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். உரிம எண் போட்டிருந்தால் உங்கள் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் அதைத் தேடிப் பாருங்கள்.

தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள், எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பதல்ல. அந்தப் படம் வருவதற்கான சான்றிதழை மோசடித் தளங்களும் வாங்கிவிடுகின்றன. இந்தக் குழப்பத்தால்தான் கூகுள் 2023இல் தன் குரோம் உலாவியிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. பூட்டைவிடத் தளத்தின் முகவரியைப் படிப்பது முக்கியம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் பாருங்கள். ‘கம்பெனி.சலுகைபாலிசி.காம்’ என்றிருந்தால் அது ‘சலுகைபாலிசி’ என்ற தளம்தான், முன்னால் இருக்கும் கம்பெனி பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

படி 4: படிவம்

தோராயமான பிரீமியம் கணக்கிட வயது, வசிக்கும் பகுதி, புகைப்பழக்கம் உண்டா இல்லையா, வாகனம் என்றால் மாடலும் வருடமும், இப்படிச் சில விவரங்கள் பொதுவாகப் போதும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், கார்டு எண் இதெல்லாம் விலை சொல்லத் தேவையே இல்லை. நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். பட்டனுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எங்கள் கூட்டாளிகள் உங்களைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்பது போல ஒரு வரி இருக்கும், அழைப்புகளுக்கெல்லாம் வழிவிடுவது அந்த வரிதான். முன்கூட்டியே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் அமலுக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படி முன்டிக் போட்டு வாங்குவதைச் சம்மதமாகவே ஏற்பதில்லை.

படி 5: ஒப்பிடுவது

பிரீமியத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் மலிவான பாலிசி எப்போதும் ஜெயிக்கும். அது ஏன் மலிவு என்று பாருங்கள்: கிளெய்மில் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை அதிகமா, காத்திருப்புக் காலம் (கிளெய்ம் கேட்க முடியாத தொடக்கக் காலம்) நீளமா, விலக்குகள் (பாலிசி பணம் தராத விஷயங்கள்) பட்டியல் பெரிதா, சில செலவுகளுக்கு மட்டும் தனி உச்சவரம்பு இருக்கிறதா. விளம்பரப் பக்கத்தில் இதெல்லாம் இருக்காது, பாலிசி விதிமுறை ஆவணத்தை இறக்கித்தான் படிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் விலக்குகள் பகுதியையாவது முழுசாகப் படியுங்கள். அப்புறம், ஒப்பீட்டுத் தளங்கள் கமிஷனில் ஓடுபவை, எல்லாக் கம்பெனிகளும் அங்கே இருக்காது. பிடித்த பாலிசியின் விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 6: விண்ணப்பமும் பணமும்

இங்கே கதை மாறுகிறது. இப்போது உண்மையான பெயர், உண்மையான நம்பர், கேட்டால் பழைய நோய், புகைப்பழக்கம், முந்தைய விபத்து, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மறைத்தால் பிரீமியம் குறையலாம், ஆனால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டி மறுக்கக்கூடும். பதில்களை ஒரு நகல் எடுத்து வையுங்கள், முகவர் உங்களுக்காக நிரப்பினால் அனுப்பும் முன் வரிவரியாகப் பாருங்கள்.

பொது வைஃபையில் இதைச் செய்ய வேண்டாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், குறுஞ்செய்தியில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலோ போனில் ஓடிபி கேட்டாலோ உடனே துண்டித்துவிடுங்கள்.

படி 7: வாங்கிய பிறகு

பாலிசி வந்ததும் நிறுவனத்தின் அதிகாரபூர்வ எண்ணுக்கு அழைத்து பாலிசி எண்ணைச் சொல்லி அது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள், போலிப் பாலிசி பிடிபடுவது இப்படித்தான். பல நாடுகளில் சில வகைப் பாலிசிகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம், அந்தக் கெடு முடிவதற்குள் பெயர், பிறந்த தேதி, காப்பீட்டுத் தொகை எல்லாம் சரியா என்று பார்த்துவிடுங்கள். விலை விசாரித்த மற்ற தளங்களில் கணக்கு இருந்தால் நீக்கிவிட்டு, விவரங்களை அழிக்கச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள். படி 2இல் உருவாக்கிய முகவரியிலிருந்தே போடலாம்.