பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறா? எங்கிருந்து தொடங்குவது, எப்படி முடிப்பது

முதலில் ஒரு கேள்வி. பக்கத்து மனையில் இப்போது கட்டட வேலை நடக்கிறதா? வானம் தோண்டிவிட்டார்களா, கான்கிரீட் ஊற்றப் போகிறார்களா? அப்படியென்றால் இதை முழுதாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். தேதி பதிவாகும்படி படம் எடுங்கள். "எல்லையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அளக்கும் வரை இந்தப் பக்கம் மட்டும் வேலையை நிறுத்திவையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். கட்டி முடித்த சுவரை இடிக்கச் சொல்ல நீதிமன்றங்கள் யோசிக்கும். வேலை நடக்கும்போது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் வந்து கேட்டால் இன்னும் அதிகமாக யோசிக்கும்.

மற்றவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. வேலி பல வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால், நிதானமாக ஒரு மாதம் எடுத்துக்கொண்டு கீழே உள்ளபடி செய்தால் குடி முழுகிவிடாது.

படி 1: சண்டை எதைப் பற்றி என்று ஒரே வரியில் எழுதுங்கள்

எல்லைத் தகராறு என்று சொல்லப்படுகிற பலவற்றில் எல்லைக்கோட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இருக்காது. கூரைத் தண்ணீர் நம் பக்கம் விழும், மரக்கிளை நீட்டிக்கொண்டிருக்கும், பழுதான பொதுச்சுவரை யார் சரிசெய்வது என்று பேச்சு வளரும். இதற்கெல்லாம் சர்வேயர் தேவையில்லை. கோடு எங்கே என்று அவர் காட்டினாலும் தண்ணீர் விழுவது நிற்காது. "கோடு எங்கே ஓடுகிறது?" என்பதுதான் உங்கள் வரி என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

படி 2: காகிதங்களைச் சேருங்கள், அவருடையதையும் சேர்த்து

உங்கள் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், மனை பிரித்தபோது போட்ட வரைபடம், அரசு நில அளவை வரைபடம். இவற்றோடு பக்கத்து மனையின் பத்திரமும் வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்துக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பதிவான பத்திரங்களின் நகலைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம்.

வாங்கியதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நான்கு எல்லை விவரம்: கிழக்கே யார், மேற்கே யார், எங்கே கல், எங்கே வாய்க்கால். இரண்டு, கிழமேல், தென்வடல் அளவுகள். மூன்று, மொத்தப் பரப்பு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பத்திரங்கள் ஏராளம். அப்படி முரண்பட்டால் பொதுவாக, நிலத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய நிலையான எல்லைக்குத்தான் முதல் மதிப்பு. நீள அகலம் அடுத்தது. பரப்பு கடைசி. ஆகவே "பத்திரத்தில் 2400 சதுர அடி, எனக்கு 2370தான் இருக்கிறது" என்பது மட்டும் வலுவான வாதம் இல்லை.

இரண்டு மனையும் ஒரே நிலத்திலிருந்து பிரிந்தவையாக இருந்தால், எது முதலில் விற்கப்பட்டது என்று தேதியைப் பாருங்கள். ஏற்கெனவே விற்றதை உரிமையாளர் மறுபடி விற்க முடியாது. நிலம் மொத்தத்தில் குறைவாக இருந்தால், அந்தக் குறை பெரும்பாலும் பின்னால் வாங்கியவர் தலையில்தான் விழும்.

வரைபடத்தை அதிகம் நம்பிவிடாதீர்கள். 1:1000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் அரை மீட்டர். அந்தக் கோட்டின் மேலே ஸ்கேலை வைத்து அரை அடிக்குச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் நிலப்பதிவுத் துறையின் வரைபடம் பொதுவான எல்லையைத்தான் காட்டும், துல்லியமான கோட்டைக் காட்டாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கைப்பேசி இன்னும் மோசம். திறந்த வெளியில்கூட அதன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம்.

படி 3: நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்

இந்த அளவு எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. ஆனாலும் அளக்க வேண்டும், ஏனென்றால் இதில் நீங்கள் தேடுவது ஒரே ஒரு பதில்: உங்கள் மனை குறைந்திருக்கிறதா, அல்லது நகர்ந்திருக்கிறதா?

உதாரணமாகக் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி மனை. கிழக்கு வேலி அரை அடி உள்ளே வந்திருப்பதாக உங்களுக்குச் சந்தேகம். பெரும்பாலானவர்கள் கிழக்குப் பக்கம் மட்டும் நின்று கோபப்படுவார்கள். மேற்கு வேலி வரை அளந்து பாருங்கள். முழு 40 அடியும் இருக்கிறதா? அப்படியானால் மேற்குப் பக்கத்தில் இன்னொருவருடைய அரை அடி உங்களிடம் இருக்கக்கூடும். வரிசையாக மனை பிரித்த இடங்களில் இது சகஜம். முதல் மனைக்காரர் தவறான இடத்தில் சுவர் எழுப்பியிருப்பார், அடுத்தவர் அந்தச் சுவரிலிருந்து அளந்திருப்பார், அவருக்கு அடுத்தவர் அவருடைய சுவரிலிருந்து. கடைசி மனை வரை எல்லாரும் அரை அடி நகர்ந்திருப்பார்கள். இதில் திருடன் என்று யாரும் கிடையாது. இது தெரியாமல் கிழக்குக்காரரோடு வழக்குக்குப் போனால், நாளைக்கு மேற்குக்காரர் உங்கள் மீது வழக்குப் போடுவார்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தெருவின் ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள். சாலை அகலமாகியிருக்கலாம், நடைபாதை நகர்ந்திருக்கலாம். பழைய எல்லைக்கல் எங்காவது கிடைத்தால் அதுதான் தொடக்கம். கல் பெரும்பாலும் காணாமல் போயிருக்காது, மண்ணுக்கடியில் இருக்கும்.

சரிவான மனையில் தரையை ஒட்டி நாடாவைப் பிடித்தால் அளவு தவறும். பத்திரத்திலும் வரைபடத்திலும் இருப்பது பெரும்பாலும் கிடைமட்ட நீளம். 10 டிகிரி சரிவில் தரையோடு அளந்த 30 மீட்டர், கிடைமட்டத்தில் 29.54 மீட்டர்தான். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை அடி! நாடாவை மட்டமாக இழுத்து, துண்டு துண்டாக, தூக்குக்குண்டு விட்டு இறக்கி அளக்க வேண்டும். தொய்வு இருந்தாலும் அளவு கூடிக் காட்டும்.

நான்கு பக்கமும் சரியாக இருந்தால் மனை சரி என்று நினைக்க வேண்டாம். நான்கு பக்கம் ஒரு வடிவத்தைக் கட்டிப்போடாது. பக்கங்கள் அப்படியே இருக்க, மனை ஒருபுறம் சாயலாம். மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். 40க்கு 60 அடி மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி 1 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

அப்புறம் அலகு. 40 அடி என்பது 12.19 மீட்டர். யாரோ ஒருவர் எப்போதோ அதை 12 மீட்டர் என்று எழுதியிருந்தால், அந்த இடத்திலேயே அரை அடிக்கு மேல் காணாமல் போய்விட்டது. சுவரின் நடுவிலிருந்து அளப்பதா, வெளிமுகத்திலிருந்தா என்பதும் இப்படித்தான். 9 அங்குலச் சுவரில் இது மட்டுமே நாலரை அங்குல வித்தியாசம் தரும்.

படி 4: எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது?

காகிதத்தில் யாருடையதாக இருந்தாலும், ஒருவர் நீண்ட காலம் வெளிப்படையாக, தன்னுடையது போலவே அனுபவித்துவந்தால் அந்த இடம் அவருக்கே போய்விடலாம் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே விதி கிடையாது. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின்படி தனியார் நிலத்துக்கு 12 வருடம். இலங்கையில் 10 வருடம். இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான நிலத்துக்கு 10 வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம், ஆனால் உரிமையாளர் எதிர்த்தால் பெரும்பாலும் கிடைக்காது. எல்லை இதுதான் என்று நியாயமாக நம்பியிருந்த பக்கத்து நிலக்காரருக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் இந்த வழியை 1994-ல் மூடிவிட்டது. மலேசியாவின் தேசிய நிலச் சட்டம் இதை ஏற்பதே இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. வேலி எப்போது போடப்பட்டது என்பதற்குப் பழைய படங்கள், செயற்கைக்கோள் படங்களின் பழைய பதிவுகள், கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றைத் தேடி வையுங்கள். கெடு நெருங்குகிறது என்று தோன்றினால் மேலே சொன்ன ஒரு மாத நிதானத்தை மறந்துவிட்டு வக்கீலிடம் போங்கள். இரண்டாவது வேலை, கெடு இன்னும் தூரத்தில் இருப்பவர்களுக்கு: அவர் அந்த இடத்தைப் பயன்படுத்துவதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால், அதை உங்கள் அனுமதியோடுதான் பயன்படுத்துகிறார் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியின் பேரில் இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் பொதுவாக இந்த வழியில் உரிமை கோர முடியாது. பெருந்தன்மையாக வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் பிற்பாடு மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 5: போய்ப் பேசுங்கள்

வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் இது. கெடு கழுத்தில் இல்லாதவரை இந்த வரிசையை மாற்றாதீர்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த மனிதர் முதலில் தன் வக்கீலைத்தான் தேடுவார். தன் பத்திரத்தை உங்களிடம் காட்ட மாட்டார்.

"நீங்க என் இடத்தைப் பிடிச்சிருக்கீங்க" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "என் பத்திரத்தைப் பார்த்தேங்க, வேலி இருக்கிற இடத்துக்கும் அளவுக்கும் ஒத்துவரலை. தப்பு எந்தப் பக்கம்னு தெரியலை. உங்க பத்திரத்தையும் வெச்சு ரெண்டு பேருமா உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வது இல்லை. படி 3-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் தப்பு எந்தப் பக்கம் என்று உண்மையிலேயே உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்காது. கூட்டமாகப் போகாதீர்கள். பேசி முடித்ததும், பேசியதைச் சுருக்கமாக ஒரு செய்தியாக அவருக்கு அனுப்பிவையுங்கள்.

படி 6: சர்வேயரை இருவரும் சேர்ந்து அழையுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம். நீங்கள் தனியாக ஒருவரை அழைத்து அளந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பக்கத்து வீட்டில் அவர் பெயர் "அவங்க ஆளு". அவர்களும் ஒருவரை அழைப்பார்கள். இப்போது கோடு இரண்டு, செலவும் இரண்டு.

ஆகவே உரிமம் பெற்ற ஒருவரை, அல்லது அரசு நில அளவையரை, இருவர் பெயரிலும் அழையுங்கள். செலவு பாதிப் பாதி. அவர் வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: எந்தெந்தப் பத்திரங்களைக் கொடுக்கிறோம், எந்தக் கல்லிலிருந்து அளவு தொடங்கும், முடிவு யாருக்குச் சாதகமாக வந்தாலும் ஏற்கிறோமா அல்லது அடுத்த பேச்சுக்கு அடிப்படையாக மட்டும் கொள்கிறோமா. பின்னதை எழுதினால்கூடப் பரவாயில்லை, எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. அளக்கும் நேரத்தில் இருவரும் இருக்க வேண்டும். முதலில் தற்காலிக முளை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அளவுகளோடு வரைந்த அறிக்கையில் அவர் கையெழுத்து வேண்டும்.

படி 7: முடிவு வந்த பிறகு

அரை அடி, 60 அடி நீளத்துக்கு என்றால் 30 சதுர அடி. அதன் மதிப்பைக் கணக்கிட்டு, வழக்குச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் அந்த அரை அடி உண்மையிலேயே பெரிது: வண்டி நுழையும் வழி, கட்டட அனுமதிக்கு விட வேண்டிய காலியிடம் போன்றவை. அங்கே விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

இடிப்பது மட்டும்தான் வழி என்று இல்லை. துண்டு நிலத்தை அவர் விலைக்கு வாங்கலாம். முன்பக்கம் அவர் விட, பின்பக்கம் நீங்கள் விட, மாற்றிக்கொள்ளலாம். சுவர் பழுதாகி மறுபடி கட்டும்போது சரியான கோட்டில் கட்டுவது, அதுவரை அனுமதியோடு இருப்பது என்று எழுதிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வழிதான். இரு தரப்பும் இன்றைக்கே காசு செலவழிக்க வேண்டியதில்லை.

படி 8: ஒத்துவரவே இல்லை என்றால்

முதலில் சமரச மையம் அல்லது இருவரும் மதிக்கும் ஒரு நடுவர். அதுவும் ஆகவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். அங்கேயும் நீதிமன்றம் தன் சார்பில் ஆளை அனுப்பி அளக்கச் சொல்லலாம். இந்தியாவில் அதற்கு ஆணையர் என்று பெயர். படி 2, 4-ல் சேர்த்த காகிதங்கள் அப்போது அப்படியே உதவும்.

காவல் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்றுதான் சொல்வார்கள். மிரட்டலோ அடிதடியோ நடந்தால் மட்டும் அங்கே போங்கள். நீங்களாக வேலியைப் பிடுங்குவது, எல்லைக்கல்லை நகர்த்துவது இரண்டும் கூடவே கூடாது. அரசு நட்ட கல்லை நகர்த்துவது பல நாடுகளில் குற்றம். இடம் உங்களுடையது என்று பிறகு நிரூபணமானாலும் அந்தக் குற்றம் அப்படியே நிற்கும்.

எழுதி வைக்கும்போது

சமரசமோ தீர்ப்போ, எதில் முடிந்தாலும் நிரந்தரக் கல் நடுங்கள். ஒவ்வொரு கல்லையும், அதிலிருந்து வீட்டு மூலை வரை நாடா பிடித்த நிலையில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கல் காணாமல் போனாலும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒப்பந்தத்தோடு சர்வேயர் வரைபடத்தை இணைத்து, அதிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். நிலம் கை மாறுகிறது என்றால் பதிவு செய்யாமல் அது செல்லாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நிலை. பதிவுக்குப் போகும் முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். இரண்டில் எந்த வீட்டின் மேலாவது வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படலாம், அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசியாக, ஒப்பந்தத்தின் ஒரு பிரதியைப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்பார்.