முதலுதவிப் படையில் இளையோர் தலைவரா? குனியாதீர்கள்

போன சனிக்கிழமை பயிற்சியில், படிவம் இரண்டு (இடைநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு) மாணவி ஒருத்தி கட்டிக்கொண்டிருந்த முக்கோணத் துணியை, புதிதாகப் பொறுப்பேற்ற கல்லூரித் தம்பி அவள் கையிலிருந்து பிடுங்கித் தானே முடிச்சுப் போட்டான். "இப்படித்தாம்மா" என்று வேறு சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அவன் வயதில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

தீப்புண்ணில் பற்பசை தடவுவது, மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்துவது போன்றவை முதல் வகுப்பிலேயே திட்டு வாங்கித் தீர்ந்துவிடும். அவற்றை விடுங்கள். தலைவர்கள் செய்யும் தவறுகள் வேறு.

தலைவரே காயத்தின் முன் உட்கார்ந்துவிடுவது

பினாங்குத் தைப்பூசத்தில் ரதம் போன பிறகு சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கும் ரதத்துக்கு முன் உடைத்த தேங்காயின் சிரட்டைச் சில்லுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு போகிறவர்கள் மிதித்துவிட்டு நம்மிடம் வருவார்கள். எனக்கு அப்போது 20 வயது. முதன்முறையாக எட்டு மாணவர்கள் என் பொறுப்பில். ஒரு தண்ணீர்ப்பந்தலை ஒட்டி எங்கள் மேசை.

குதிகால் கிழிந்து ஒரு ஐயா வந்தார். எட்டுப் பேரில் இரண்டு பேர் அருமையாகக் கட்டுவார்கள். ஆனாலும் நான்தான் உட்கார்ந்தேன். கழுவி, அழுத்திப் பிடித்து, கட்டி முடித்தேன். அப்புறம் அடுத்தவர், அவருக்குப் பின் இன்னொருவர். "நல்லா இரும்மா" என்று அவர்கள் சொன்னது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

"ஏம்மா, பின்னால ஒரு பையன் கிடக்கிறானே, உங்க ஆளா?" என்று கேட்டார் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா.

எங்கள் ஆள்தான். படிவம் மூன்று. அவனும் பால்குடத்துக்காக விரதம் இருந்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையிலிருந்து வெயிலில் தண்ணீர்ப் பெட்டி தூக்கியவன், கால்வாய் விளிம்பில் நெற்றி பட விழுந்திருந்தான். நான்கு தையல். எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தான் என்று மருத்துவர் கேட்டார். பத்தடி தூரத்தில் இருந்த என்னிடம் பதில் இல்லை.

அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் சீருடையைத் துவைத்து, மடித்து, யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார்.

குனிந்திருப்பவருக்குத் தெரிவது ஒரு குதிகால் மட்டும். அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு கையில் குறிப்புப் புத்தகம், மறு கையில் தண்ணீர் போத்தல் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு கையும் நிறைந்திருந்தால் பிடுங்கத் தோன்றாது. அரை மணிக்கு ஒருமுறை தலை எண்ணுவேன். காலையிலேயே, சாப்பிட்டாயா, விரதமா, மாத்திரை ஏதும் எடுக்கிறாயா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிடுவேன். கூட்டமாக நிற்க வைத்துக் கேட்டால் எல்லாரும் "சாப்பிட்டாச்சுக்கா" என்றுதான் சொல்வார்கள்.

"ஒருவருக்கு மூச்சே நின்றுவிட்டால்?" என்று மடக்குவார்கள். அப்போதுதான் ஒருவர் நிமிர்ந்து நின்றாக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துகிறவர் சீக்கிரம் களைத்துவிடுவார். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும். ஆம்புலன்சுக்கு 999-ஐ அழைக்க வேண்டும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவிக்கு ஒருவரை ஓடவிட வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்களை விலக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? பக்கத்தில் தெரிந்தவர் யாருமே இல்லையென்றால் நீங்களே அழுத்துங்கள், அது வேறு கதை.

அருள் வந்தவரை மயங்கியவர் என்று நினைப்பது

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள், கூட வந்தவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும். அலகைத் தொடாதீர்கள். உடம்பில் குத்தி நிற்கும் எதையும் நாம் பிடுங்குவதில்லை.

படம் எடுப்பது

கூடாது.

கூடாரத்துக்குள் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, மூடிய திரை

எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். திரையைத் திறந்து வையுங்கள், இல்லையேல் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

புறப்பாடப் புள்ளிக்காக வந்தவர்களை இளப்பமாகப் பார்ப்பது

பாடத்துக்கு வெளியே செய்வதற்குப் பள்ளி தரும் அந்த மதிப்பெண்ணுக்குத்தான் நானும் சேர்ந்தேன்.

சனிக்கிழமை அந்தத் தம்பியிடம் புத்தகத்தைக் கொடுத்து, யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அவன் பேனா தேடி முடிப்பதற்குள் அந்தப் பெண் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டாள். முடிச்சு கொஞ்சம் தளர்வுதான்.