தையல் கடையில் நூல் நிறம் பார்த்துத் தையுங்கள்

வந்த வரிசையில் தைக்காமல், ஒரே நிற நூல் போகும் பிளவுஸ்களைச் சேர்த்து ஒரே மூச்சில் தையுங்கள். நிறம் மாறும்போதெல்லாம் மேல்நூல் கோக்க வேண்டும், அடிநூல் சுற்றிய பாபினை மாற்ற வேண்டும், துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் என்றால் மூன்று நான்கு நூல் கோப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். முதல் நாள் இரவே வெட்டிய துணிகளை அரக்கு, பச்சை, நீலம் என்று தனித்தனிக் கூடையில் போட்டுவிடுங்கள். எந்த நூல் தீர்ந்திருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும், பாதி வேலையில் நூல் வாங்க மதுரை விளக்குத்தூண் கடைகள் பக்கம் ஓட வேண்டியதில்லை. அளவுச் சீட்டைத் துணியோடு குண்டூசி குத்தி வைப்பது ரொம்ப முக்கியம், இல்லையென்றால் ஒரே நிறத்தில் ஒருவர் துணி இன்னொருவருக்கு மாறிப்போகும்.

சித்திரைத் திருவிழா, தீபாவளி நெருக்கத்தில் இது ஒத்துவராது. அப்போது டெலிவரி தேதிதான் முதலில். நாளுக்கு இரண்டு மூன்று உருப்படி மட்டும் தைப்பவர்களுக்கும் பெரிய நேர மிச்சம் இருக்காது.