2000-ஆம் ஆண்டு வீழ்ச்சியோடு இன்றைய தேயிலை விலையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தில் பறித்த பச்சைத் தேயிலைக் கொழுந்தின் விலை இறங்கும்போதெல்லாம், நீலகிரியின் கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துச் சிறு விவசாயிகளிடையே 2000-ஆம் ஆண்டு திரும்பி வந்துவிட்டது என்ற பேச்சு எழுகிறது. அந்த ஆண்டில் இலை விலை சரிந்து மலை மக்கள் வீதிக்கு வந்து போராட நேர்ந்ததால் இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் தோட்டத்தை விற்பதா, தேயிலையை எடுத்துவிட்டுக் கேரட்டும் பூண்டும் போடுவதா என்ற முடிவுகள் இந்த ஒப்பீட்டின் மேல்தான் எடுக்கப்படுகின்றன என்பதால், அதைப் பிழையின்றிச் செய்தாக வேண்டும்.

அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயோடு நேராக வைத்துப் பார்ப்பதே மிகப் பரவலான தவறு. வருமான வரிக்கணக்கில் பயன்படும் பணவீக்கக் குறியீடு 2001-02-இல் 100, 2024-25-இல் 363. அன்று கிலோவுக்கு 8 ரூபாய் பெற்ற ஒருவர் 2024-25-இல் 20 ரூபாய் பெற்றிருந்தால் இரண்டரை மடங்கு உயர்வு போலத் தோன்றும். ஆனால் அந்த 8 ரூபாயின் மதிப்பைக் காக்கவே 29 ரூபாய் தேவை. அந்தக் குறியீடும் நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கையே கணக்கில் கொள்வதால், உண்மையான இடைவெளி இன்னும் பெரியது. தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல், ஓர் ஆளின் ஒரு நாள் பறிப்புக் கூலியைக் கொடுக்க எத்தனை கிலோ கொழுந்து விற்க வேண்டும் என்பதுதான். பழைய இலை ரசீதும் கூலிக் கணக்கும் வீட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மாதம் பார்க்காமல் ஒப்பிடுவதும் தவறே. இலை குவியும் மாதங்களில் விலை தணிவதும், உறைபனியில் கொழுந்து கருகி வரத்து குறையும்போது விலை ஏறுவதும் வழக்கம் என்பதால், மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

நாட்டின் மந்தநிலையும் மலையின் மந்தநிலையும் ஒன்றாகவே வரும் என்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் ஆழமான பிழை. 2000-01-இல் இந்தியப் பொருளாதாரம் சுருங்கவில்லை, வளர்ந்தது. இங்கே இலை விலை சரிந்தது. இந்தியத் தேயிலையின் பெரும் வாடிக்கையாளராக இருந்த சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறியதும், 1998-இல் ரஷ்யாவில் நிதி நெருக்கடி வந்ததும் அதன் முக்கியக் காரணங்களுள் அடங்கும். 2020-21-இல் நிலைமை தலைகீழாக இருந்தது: நாட்டின் உற்பத்தி சுருங்கியது, ஊரடங்கால் தேயிலை வரத்து குறைந்ததால் குன்னூர் ஏலத்தில் விலை உயர்ந்தது. அதே மாதங்களில் ஊட்டியின் விடுதிக்காரர்களும் வாடகைக்கார் ஓட்டுநர்களும் வருமானமின்றித் தவித்தார்கள்.

மீட்சியைச் சொல்லும் சதவீதங்களிலும் கவனம் தேவை. 2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாடு 20.1 சதவீதம் வளர்ந்ததாக அறிவிக்கப்பட்டபோது பலர் நெருக்கடி தீர்ந்ததாக நம்பினார்கள். முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 24.4 சதவீதம் சரிந்திருந்ததால், 2019-இன் அதே காலாண்டை 100 என்று வைத்தால் அது 75.6 ஆகி, பிறகு ஏறக்குறைய 91-க்குத்தான் வந்திருந்தது.

ஆகவே விலை இறங்கினால், வாங்குவோர் குறைந்தார்களா, உற்பத்தி மிகுந்ததா, பறிக்க ஆளின்றி இலை முற்றித் தரம் கெட்டதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். முதல் இரண்டும் சந்தையும் அரசும் சேர்ந்து தீர்க்க வேண்டியவை; மூன்றாவதைக் கவாத்தையும் (செடியை வெட்டிச் சீராக்குவது) பறிப்புச் சுற்றையும் (ஒரு பறிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) திருத்தி விவசாயியே ஓரளவு சரிசெய்ய முடியும்.